ஆபரேஷன் முடிந்து 30 நாள்: ராமநாதபுரம் கடற்கரையில் நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்ய வருபவர்களுக்கு

ஆபரேஷன் முடிந்து நோயாளியை வார்டுக்கு அனுப்பியதும் தியேட்டர் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். பெயர், வயது, என்ன ஆபரேஷன், என்ன மயக்க மருந்து, யார் செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்பது மட்டும் இருக்காது. புண் ஆறியதா, சீழ் பிடித்ததா, வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்தாரா, வேலைக்குத் திரும்பினாரா? அதைத் தேடிப் பிடிப்பதுதான் நாம் பேசப்போகும் ஆய்வு.

ஹவுஸ் சர்ஜன், முதுநிலை மாணவர், ஸ்டாஃப் நர்ஸ், தரவு சேகரிக்கச் சேர்ந்தவர் என யாராக இருந்தாலும் முதல் முறையாக இதில் கை வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. இந்தக் கடற்கரை மக்களைப் பற்றிய ஆய்வை மதுரையோ சென்னையோ செய்து தரட்டும் என்று இனிக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலிலேயே என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆய்வின் உயிர் 30-ஆம் நாளில் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு வராத நோயாளியை 'நலம்' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதை விட்டால்தான் ஆய்வு தொடங்கும். அறுவைப் புண்ணில் வரும் தொற்றுகளில் பாதிக்கும் மேல் டிஸ்சார்ஜ் ஆனபின்தான் தெரியவருகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வார்டில் இருந்தபோது பார்த்ததை மட்டும் எண்ணினால் பாதிக் கதை போய்விடும்.

இது புதிய கருத்தும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்தும் கேட்டறிந்து முடிவைப் பதிய வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதாடினார். 1911 முதல் 1916 வரை தன் சிறிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை வெளியிட்டு, அதில் 123 பிழைகள் நடந்தன என்றும் எழுதினார். அன்றைய சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்று உலகம் முழுக்க அவர் வழியில்தான் நடக்கிறது.

கேள்வியைச் சுருக்குங்கள்

'அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள்' என்ற தலைப்போடு யாராவது வந்தால், அதை ஓராண்டில் முடிக்க முடியாது என்றுதான் சொல்வேன். ஒரு ஆபரேஷன், ஒரு முக்கிய விளைவு, ஒரு கால அளவு என்று வையுங்கள். 'குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தவர்களில் 30 நாளுக்குள் எத்தனை பேருக்குப் புண்ணில் தொற்று வந்தது?' இது ஒரு கேள்வி. 'சிசேரியன் ஆன தாய்மாரில் எத்தனை பேர் 30 நாளுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டார்கள்?' இதுவும் ஒரு கேள்வி. மற்றவற்றைக் கூடவே குறித்துக்கொள்ளலாம், ஆனால் ஆய்வு நிற்பது அந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமென்றால், 66 நாடுகளில் வயிறு, குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 12,539 பேரை 'குளோபல்சர்ஜ்' கூட்டமைப்பு பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 30 நாளுக்குள் புண் தொற்று வந்தவர்கள் வளர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், நடுத்தர நாடுகளில் 14 சதவீதம், பின்தங்கிய நாடுகளில் 23.2 சதவீதம். உங்கள் ஆய்வில் 2 சதவீதம் என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். எத்தனை பேரை விட்டுவிட்டோம் என்று முதலில் பாருங்கள்.

தொற்று என்பது எது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

ஒரு டாக்டர் 'லேசாகச் சிவந்திருக்கு' என்று விட்டுவிடுவார், இன்னொருவர் அதையே தொற்று என்று எழுதுவார். அதனால் வரையறையை நாமாகப் புனையாமல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வகுத்ததை எடுத்துக்கொள்வது நல்லது. தோலும் அதன் அடிக்கொழுப்பும் சேர்ந்த மேலோட்டமான தொற்று, தசை வரை போன ஆழத் தொற்று, உள்ளுறுப்பிலோ அதைச் சுற்றிய வெளியிலோ வந்த தொற்று என்று மூன்றாக அது பிரிக்கிறது. மேலோட்டமானதில் சீழ் வடிந்தாலே கணக்கில் சேரும். வலி, வீக்கம், சிவப்பு, சூடு ஆகியவற்றில் ஏதாவது இருந்து, டாக்டர் தையலைப் பிரித்துவிட்டாலும் சேரும் (கல்ச்சர் எடுத்து அதில் கிருமி இல்லை என்று வந்தால் மட்டும் சேராது). தையல் ஊசி இறங்கிய புள்ளியில் மட்டும் சின்னதாகக் கட்டியிருந்தால் சேராது. இந்தக் கடைசி விதியைப் புதியவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

நாள் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலோட்டமான தொற்றுக்கு எப்போதும் 30 நாள்தான். ஆனால் குடலிறக்கம், மூட்டு மாற்று, எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தல் போன்றவற்றில் ஆழத் தொற்றை 90 நாள் வரை பார்க்க வேண்டும். எனவே குடலிறக்க ஆய்வு என்றால் 30-ஆம் நாளிலும் 90-ஆம் நாளிலும் அழைப்பது கட்டாயம்.

தொற்று தவிர மற்ற சிக்கல்களின் கடுமையை எழுத 'கிளாவியன் – டிண்டோ' தரவரிசை இருக்கிறது. 1992-இல் வந்து 2004-இல் திருத்தப்பட்டது. அதன் அழகு என்னவென்றால், சிக்கலைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை வைத்து அது தரம் பிரிக்கிறது. வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை அல்லது படுக்கையருகிலேயே புண்ணைத் திறந்துவிட்டதோடு முடிந்தால் முதல் தரம். ஆன்டிபயாடிக் கொடுக்கவோ ரத்தம் ஏற்றவோ நேர்ந்தால் இரண்டாம் தரம். மறுபடி ஆபரேஷனோ குழாய் வைப்பதோ தேவைப்பட்டால் மூன்று, ஐ.சி.யூ. வரை போனால் நான்கு, மரணம் ஐந்து. நோயாளியின் வாய்மொழியையும் கேஸ் ஷீட்டையும் வைத்தே இதைப் போட்டுவிடலாம் என்பதால் நம் ஊருக்குப் பொருந்தும்.

எத்தனை பேர் வேண்டும்?

இதற்குப் பயப்பட வேண்டாம். தொற்று 10 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், விடை மூன்று சதவீதம் முன்பின் துல்லியமாக வேண்டும் என்றால் வழக்கமான சூத்திரப்படி 384 பேர் தேவை. பத்தில் ஒருவர் தொடர்பில் இல்லாமல் போவார் என்று வைத்தால் 427. ஐந்து சதவீதம் முன்பின் போதும் என்றால் 139 பேரே போதும். உங்கள் தியேட்டரில் மாதத்துக்கு எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஆள் சேர்க்கும் காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலத்தை மறக்காதீர்கள். அந்த 61 நாளும் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், போன் எடுப்பார்கள், ஆறுதலாக ஓய்வும் எடுப்பார்கள். தடைக்காலத்தில் மட்டும் சேர்த்த ஆட்களை வைத்து 'எங்கள் மீனவர்களுக்குப் புண் நன்றாக ஆறுகிறது' என்று எழுதினால் அது தப்பான முடிவு. முடிந்தால் முழு ஆண்டும் ஆட்களைச் சேருங்கள். முடியாவிட்டால் ஒவ்வொருவரும் தடைக்காலத்தில் இருந்தாரா என்று ஒரு கட்டம் போட்டுக் குறியுங்கள்.

அனுமதி

நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் ஒரு பெயரைக்கூட எழுதாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியின்படிதான் குழு உங்கள் திட்டத்தைப் பார்க்கும். பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் பெயர் நீக்கிப் பார்ப்பதானால் தனித்தனிச் சம்மதம் தேவையில்லை என்று குழு விலக்குத் தரலாம். அதை முடிவு செய்வது குழு, நீங்கள் அல்ல. மருந்தையோ முறையையோ மாற்றிச் சோதிக்கும் ஆய்வானால் இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்கிறார்கள். வெறுமனே பின்தொடரும் ஆய்வையும் அங்கே பதியலாம். பதிந்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை.

சம்மதத்தை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரே கேட்டால் யாராலும் மறுக்க முடியாது. அதனால் சிகிச்சையில் இல்லாத ஒருவர் கேட்பது நல்லது. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை வைத்துக் கைநாட்டு வாங்குங்கள். 30-ஆம் நாள் போன் வரும், வீட்டில் யாரிடம் பேசலாம், போட்டோ கேட்போம், பங்குபெறாவிட்டாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதெல்லாம் படிவத்தில் நேரடியாக இருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே நிரப்ப வேண்டிய தாள்

எல்லா ஊருக்கும் பொதுவானவை சர்க்கரை நோய், புகை, ரத்தசோகை, ஏ.எஸ்.ஏ. தரம் (மயக்க மருந்துக்கு முன் உடல்நிலையை மதிப்பிடுவது), அவசர ஆபரேஷனா திட்டமிட்டதா, புண் சுத்தமானதா மாசுபட்டதா, ஆன்டிபயாடிக் ஊசி கீறலுக்கு எத்தனை நிமிடம் முன் போட்டார்கள், எவ்வளவு நேரம் நடந்தது, வலையோ தகடோ வைத்தார்களா என்பவை. இவற்றை எந்த நூலிலும் பார்த்துக்கொள்ளலாம்.

நம் கரைக்கென்று சேர்க்க வேண்டியவை வேறு. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதி முடிக்காதீர்கள். விசைப்படகா, நாட்டுப்படகா, கரைவலையா, பாசி எடுப்பவரா, கருவாடு காய வைப்பவரா, உப்பளமா, கரிமூட்டம் போடுபவரா? பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் உடம்பு நனைய முங்கி எடுக்கிறவர்கள். அவர்களுடைய வயிற்றுத் தையலும் ஒரு கடை வைத்திருப்பவரின் வயிற்றுத் தையலும் ஒன்றாக ஆறும் என்று எண்ணிவிட முடியாது. எனவே 'எந்தத் தேதியில் மறுபடி கடலில் இறங்கினீர்கள்?', 'எந்த நாளில் முதல்முறை வலை இழுத்தீர்கள்?' என்பவற்றையும் விளைவுகளாகவே வையுங்கள். நோயாளிக்கு அவைதான் முக்கியமான விளைவுகள்.

போன் எண் மூன்று வாங்குங்கள்: அவருடையது, வீட்டிலிருப்பவருடையது, பக்கத்து வீட்டுக்காரருடையதோ கடைக்காரருடையதோ. கணவர் வளைகுடாவில் இருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம் குடும்பங்களில் மாமியார் எண்ணும் மச்சான் எண்ணும்தான் உதவும். வாங்கிய எண்களை அங்கேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

முகவரியும் இரண்டு வேண்டும். சிசேரியன் ஆன பெண் புகுந்த வீட்டு முகவரியைத்தான் சொல்வாள். ஆனால் அடுத்த சில மாதம் இருக்கப்போவது தாய்வீட்டில். சாயல்குடியில் கட்டிக்கொடுத்த பெண் திருப்பாலைக்குடியில் படுத்திருப்பாள். அவளுடைய பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) குறித்துக்கொண்டால் கிராம சுகாதார செவிலியர் மூலம் கண்டுபிடிக்க வழியுண்டு.

30-ஆம் நாள் அழைப்பு

இதில்தான் புதியவர்கள் அதிகம் உழைக்க வேண்டும். 3-ஆம் நாள், 14-ஆம் நாள், 30-ஆம் நாள் என்று பேசினால் ஆள் நம்மை மறக்க மாட்டார். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் குறிப்பிட்ட கிழமைகளில் கடலுக்குப் போகின்றன. அந்த நாட்களில் அழைத்துவிட்டு 'எடுக்கவில்லை' என்று எழுதுவது நியாயமில்லை. கீழக்கரையில் வெள்ளிக்கிழமை நண்பகலையும், தங்கச்சிமடம், பாம்பன் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் தவிர்த்துவிடுங்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் ஐந்து முறையாவது முயன்ற பிறகே ஒருவரைத் 'தொடர்பில் இல்லை' என்று எழுதலாம் என ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கிறோம் என்பதை விட எப்படிக் கேட்கிறோம் என்பது பெரிது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"வணக்கம்ண்ணே, ஆஸ்பத்திரில இருந்து பேசுறேன். நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா."

"தையல் போட்ட எடத்துல ஏதாச்சும் வடியுதா? கைலில, பனியன்ல கறை படுதா?"

"லேசாப் படும். அது ஒண்ணுமில்ல."

"என்ன கலர்ல இருக்கு? வாடை இருக்கா?"

"மஞ்சளா இருந்துச்சு. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், இப்பப் பரவால்ல."

முதல் கேள்வியோடு போனை வைத்திருந்தால் இவர் நலமானவர் பட்டியலில் போயிருப்பார். நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்வது நம் மரியாதை. அது மருத்துவத் தகவல் ஆகாது. கறை, வாடை, காய்ச்சல், தையல் விலகியதா, வேறு டாக்டரிடம் காட்டினீர்களா, கடையில் மாத்திரை வாங்கினீர்களா, கட்டை யார் மாற்றுகிறார்கள் என்று கண்ணால் காணக்கூடியவற்றையே கேளுங்கள். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. மூத்த பெண்ணானால் அக்கா, ஆத்தா என்றோ, கீழக்கரை முஸ்லிம் வீடானால் லாத்தா என்றோ அழைத்துப் பேசினால் பேச்சு தானாக வரும். சிசேரியன், கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால் பெண் ஊழியர்தான் பேச வேண்டும்.

போட்டோ கேட்டால் புண் மட்டும் தெரியும்படி கேளுங்கள். முகம் வேண்டாம். அது உங்கள் சொந்தப் போனின் கேலரியில் கிடக்கக்கூடாது. ஆய்வு எண் மட்டும் போட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட்டு உடனே அழித்துவிடுங்கள். பெயரும் போன் எண்ணும் உள்ள தாள் தனி, மருத்துவத் தகவல் உள்ள தாள் தனி. கணினியில் ரெட்கேப், கோபோ போன்ற தரவு பதியும் செயலிகள் இதற்கு உதவும். சிக்னல் இல்லாத கடற்கரைக் கிராமத்தில் நேரில் போய்க் கேட்கும்போது, கோபோவில் நெட் இல்லாமலே பதிந்துவிட்டுப் பிறகு அனுப்பலாம்.

அழைப்பில் சிக்கல் தெரிந்தால் எழுதிக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். மேலே சொன்ன அண்ணனை அன்றே வரச்சொல்லி டாக்டர் பார்க்க வேண்டும். வருவதற்குப் பஸ் காசு இல்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எந்த அறிகுறிக்கு யாரை உடனே அழைப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி, நெறிமுறைக் குழுவிடம் கொடுக்கும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

நாள் கடந்து வரும் புண்கள்

லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் சிலருக்குத் துளையிட்ட இடம் முதலில் நன்றாக ஆறிவிடும். சில வாரம் கழித்து அங்கே ஒரு முண்டு தோன்றும், பிறகு கசியும், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது, சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளராது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம். இவை நீரில் வாழ்பவை. சரியாகக் கிருமி நீக்காத, அல்லது குழாய் நீரில் அலசிய கருவிகள் வழியாக நுழைந்துவிடும். இந்தியாவின் பல மருத்துவமனைகளிலிருந்து இது எழுதப்பட்டிருக்கிறது. 30 நாளில் கணக்கை மூடிவிட்டால் இதைப் பார்க்கவே முடியாது. ஒரே வார்டில் இப்படி இருவர் வந்தால் கருவி கழுவும் முறையை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

கடலில் இறங்கிய புண்ணிலிருந்து சீழ் எடுத்தால், சீட்டில் 'கடல்நீர் பட்டது' என்று எழுதி அனுப்புங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமிகள் புண்ணில் புகுந்தால், ஈரல் நோய் உள்ளவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் மிக வேகமாக முற்றும். அந்த ஒரு வரி இருந்தால் ஆய்வகம் அதைத் தேடும்.

கணக்கு

200 பேரைச் சேர்த்தீர்கள், 150 பேர் 30-ஆம் நாள் கிடைத்தார்கள், அவர்களில் 15 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் என்று எழுதலாம், கூடவே உண்மை அளவு சுமார் 6 முதல் 16 சதவீதம் வரை இருக்கலாம் என்ற இடைவெளியையும் எழுத வேண்டும். அதோடு முடியவில்லை. கிடைக்காத 50 பேரும் நலம் என்றால் அது 7.5 சதவீதம், 50 பேருக்கும் தொற்று என்றால் 32.5 சதவீதம். இந்த இரண்டு எல்லைகளையும் வெளியிடுங்கள். பிறகு அந்த 50 பேர் யார் என்று ஒரு அட்டவணை போடுங்கள். தொலைவில் இருப்பவர்களா, அவசர ஆபரேஷன் ஆனவர்களா, கடலுக்குப் போகிறவர்களா? தொடர்பில் இல்லாதவர்களில் பாதிப்பேர் வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்தவர்கள் என்று தெரிந்தால், அதுவே உங்கள் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பாக இருக்கலாம்.

எழுதும்போது, இத்தகைய பின்தொடரும் ஆய்வில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் 'ஸ்ட்ரோப்' என்ற 22 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். புள்ளியியல் சோதனைகளை இருபது செய்து, அதில் ஒத்துவந்த ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சோதனை என்று தொடங்கும் முன்பே திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கிடைத்த முடிவை இதழுக்கு அனுப்பும் முன் தியேட்டர் செவிலியர்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் சொல்லுங்கள். கத்தியையும் கட்டையும் கையாள்பவர்கள் அவர்கள்தான். இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான 'சீட்டா' ஆய்வில், வயிற்றைத் தைத்து மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றியதில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இதற்குத் தேவை கூடுதல் கையுறைகளும் இன்னொரு தட்டுக் கருவிகளும்தான். அப்படி ஒரு மாற்றத்தை உங்கள் தியேட்டரில் செய்தால், அடுத்த ஆண்டும் அதே வரையறை, அதே கேள்விகள், அதே ஐந்து அழைப்பு விதியோடு மறுபடி எண்ணுங்கள். முதல் ஆண்டின் கேள்வித்தாளையும் விதிகளையும் அதற்காக இன்றே ஒரு கோப்பில் போட்டு, உங்களுக்குப் பின் வருபவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.